பேய்ச்சுரை

ஓராசியோ என்று பெயர்.
இரண்டாம் நாளே ராசய்யா ஆக்கிவிட்டோம்.
ஷேவிங் மெஷின் பூட்ட உருகுவேயிலிருந்து
ராணிப்பேட்டைக்கு வந்தவன்.
மே மாதம், பாவம்.
நாலாம் நாள் அவனுடைய சுரைக்கோப்பை
லாட்ஜ் ஏ.சி.க்கும் ஜன்னல் வெயிலுக்கும் நடுவில்
பாலாறு மாதிரி வெடித்துப்போனது.
பிளேடு கையைக் கிழித்தபோது சிரித்தவன்
அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு
லேப் வாசலில் வந்து நின்றான்,
அடிபட்ட குருவியைத் தூக்கிவந்த பையன் போல.

எங்கள் வேலியில் இருந்தது ஒன்று.
பேய்ச்சுரை. யாரும் நட்டதில்லை.
கசப்பென்று ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது.
கொடி செத்தும் விடாமல் தொங்கி
தை, மாசி, பங்குனி வெயிலெல்லாம் குடித்து
ஆட்டினால் உள்ளே விதை பேசும்.
கறிக்கு உதவாத சுரைக்காய்
ஏட்டில் மட்டுமா இருக்கிறது?
மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன்.
கண்டக்டர் வாங்கி ஒருதரம் குலுக்கிக் கேட்டுவிட்டு
அதற்கப்புறம்தான் டிக்கெட் கிழித்தார்.

ஆக்சா பிளேடால் கழுத்தை அறுத்தவர் ஏசுபாதம்.
கரண்டியால் குடலைச் சுரண்டியவள் தனகோட்டி.
முதல் தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்பினாள்.
துப்பியதைத் திரும்பவும் துப்பினாள்.
ஒன்பது தண்ணீர் மாற்றினோம்.
பிறகு ராசய்யா
தான் குடித்துச் சலித்த ஈரத் தழையை உள்ளே திணித்து
ஒரு நாள் இருக்கட்டும் என்று கை காட்டினான்.
மறுநாள் சுரண்டி, திரும்பத் திணித்து, இன்னொரு நாள்.
அதற்கு அவன் பாஷையில் என்னவோ சொன்னான்.
பதம் போடுறான்யா, என்றார் ஏசுபாதம்.
பச்சைத்தோல் எங்கள் கையில்
சுண்ணாம்பும் உப்பும் துவர்ப்பும் குடித்துத் திருந்துவதை
முப்பது வருஷமாகப் பார்க்கிறவர்.
வாய் விளிம்புக்கு ஈரத்தோல் வார் ஒன்றைச் சுற்றி
அவரே தைத்தார்.
காயக் காயத் தோல் இறுகிக்
காயை வளையல் போலப் பிடித்துக்கொண்டது.

தண்ணீர் கொதிக்கக் கூடாது. எண்பது டிகிரி.
லேப் தெர்மாமீட்டர் அதற்கும் உதவியது.
முதல் வாய் ஆவாரம்பட்டைத் தொட்டிபோல் இருந்தது.
தேங்க்ஸ் என்றேன்.
அடுத்த சுற்றில் என்னைத் தாண்டிப் போய்விட்டான்.
அவன் ஊரில் அப்படிச் சொன்னால்
போதும் என்று அர்த்தமாம்.

ஒரு குடுக்கை. ஒரே குழல்.
ஏசுபாதம் வாயிலிருந்து தனகோட்டிக்கு,
தனகோட்டியிடமிருந்து ஷபீக்குக்கு,
ஷபீக்கிடமிருந்து எனக்கு.
யாரும் துடைக்கவில்லை. துடைத்தால் ராசய்யா முறைப்பான்.

மேஸ்திரி கஜபதி மட்டும்
பல் கூச்சம் என்றார்.
கேன்டீனில் தனி டம்ளர் என்று யாரும் சொல்வதில்லை.
ஆணியில் ஒன்று தொங்கும்,
மேஸ்திரி டம்ளர், அவ்வளவுதான்.
அதையும் ஒரு முழ உயரத்தில் தூக்கி
உதட்டில் படாமல் ஊற்றிக்கொள்வார்.
குழலை எப்படி அண்ணாந்து குடிப்பது?

ஆனி கடைசியில் ராசய்யா விமானம் ஏறினான்.
குழலைக் கொண்டுபோனான். குடுக்கையும்
அரைப் பாக்கெட் தழையும் எங்களுக்கு.
ஆடி மழையில் உள்ளே பூசணம் பூத்தது.
சுரண்டி, வெந்நீர் ஊற்றி, நிழலில் காயவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, ஷிப்ட் முடிந்து ஆள் போன பிறகு
கஜபதி லேப் கதவைத் தள்ளினார்.
அந்தக் கஷாயம் இருக்கா அமுலு?
கலந்து கொடுத்தேன்.
குடுக்கையைச் சுற்றிச் சுற்றிக் குழல் தேடினார்.
அது போயிடுச்சு மேஸ்திரி.
தூக்கி ஊற்றினால் தழை மொத்தமும் முகத்தில் கொட்டும்.

நான் திரும்பிக்கொண்டு
ட்ரம் தண்ணீரில் பி.எச். தாளை நனைத்து
தெரிந்த நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பின்னால் முதலில் சத்தமே இல்லை.
அப்புறம், உறிஞ்சும் சத்தம்.

காலிக் குடுக்கையை மேஜையில் வைத்தார்.
தேங்க்ஸ் சொல்லவில்லை.
இன்னொரு தடவை ஊற்றினேன்.